விபத்து வழக்குக்கு வக்கீல் வைக்கும்போது என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு வயது 34. ஏ.சி. மெக்கானிக், சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவர். சென்ற மாதம் தருமபுரி அருகே பைக்கில் போகும்போது பின்னால் வந்த கார் மோதி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். கார் டிரைவர் மேல்தான். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. நாங்கள் இருப்பது திருச்சி.

ஆஸ்பத்திரிக்கே ஒருவர் வந்து, "கைக்காசு எதுவும் வேண்டாம், வருகிற தொகையில் 25 சதவீதம் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, எதுவும் எழுதாத வக்காலத்திலும் இரண்டு வெள்ளைத் தாளிலும் கையெழுத்துக் கேட்கிறார். இதுதான் நடைமுறையா? வழக்கு தருமபுரியில்தான் போட வேண்டுமா? வக்கீல் என்ன செய்வார், நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தம்பி ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எம்.சி.ஓ.பி. குமாஸ்தா:

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். வக்காலத்து என்பது உங்கள் சார்பில் ஆஜராக வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரம். அதில் மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர்கள், வக்கீலின் பெயர், பார் கவுன்சில் பதிவு எண் எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. வெள்ளைத் தாள் எதற்கும் தேவையில்லை. ஆஸ்பத்திரி வார்டில் ஆள் பிடிப்பது வக்கீல் தொழில் விதிகளுக்கே எதிரானது. வந்தவர் வக்கீலா, தரகரா என்பதையும் விசாரியுங்கள். பெரும்பாலும் தரகர்தான்.

25 சதவீதம் பற்றி: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. நடைமுறையில் பலர் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். நீங்கள் நிலையான ஒரு தொகை பேசி, அதை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: மனு நம்பர் ஆனதும் (கோர்ட் பதிவு செய்து எண் கொடுத்ததும்) ஒரு பகுதி, சாட்சி விசாரணை முடிந்ததும் ஒரு பகுதி, தீர்ப்பு வந்ததும் மீதி. கோர்ட் ஃபீஸ், எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டா, நகல் செலவு, டாக்டர் சாட்சிக்கு வரும் செலவு இவை அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்று முதல் நாளே கேளுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள், அல்லது வங்கி வழியாக அனுப்புங்கள்.

வழக்கைத் திருச்சியிலேயே போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி விபத்து நடந்த ஊர், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர் என்று எந்த எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலும் (விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்) மனு செய்யலாம். நடக்க முடியாதவரைத் தருமபுரிக்கு அலைய வைக்காதீர்கள்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். அதே சட்டத்தின் 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போயிருக்கிறது. அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். "ட்ரீட்மென்ட் முழுசா முடியட்டும், அப்புறம் போடலாம்" என்று ஒரு வக்கீல் சொன்னால் வேறு வக்கீலைப் பாருங்கள். மனுவை முதலில் போட்டுவிட்டு, பின்னால் வரும் மருத்துவச் செலவைச் சாட்சியத்தின்போது சேர்த்துக் காட்டலாம்.

வாய்தா எல்லாவற்றுக்கும் தம்பி போக வேண்டியதில்லை. நோட்டீஸ், எதிருரை (எதிர்த் தரப்பு எழுதித் தரும் பதில்) இவற்றை வக்கீல் பார்த்துக்கொள்வார். தம்பி கட்டாயம் வர வேண்டியது இரண்டு இடம்: பி.டபிள்யூ. 1 ஆக, அதாவது மனுதாரர் தரப்பின் முதல் சாட்சியாகச் சாட்சி சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு நிற்கும் நாள், ஊனத்தை மதிப்பிடும் மருத்துவக் குழு முன்னால் போகும் நாள். ஒரு வருடத்தில் முடிவதும் உண்டு, மூன்று வருடம் இழுப்பதும் உண்டு.

வைகை வாசி:

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கைக்காசு இல்லாத குடும்பத்திடம் நிலையான கட்டணம் பேசச் சொல்வது சுலபம், நடப்பது கடினம். அதனால்தான் மக்கள் சதவீதத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். உதவி எண் 15100.

நடைமேடை 4:

கட்டணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தொகையைத் தீர்மானிப்பது வேறு. கணக்கைப் பாருங்கள்.

கால் முறிவு வழக்கில் தீர்ப்பாயம் இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். ஒன்று, ஊனம் எத்தனை சதவீதமோ அதற்கு ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்குவது. 40 சதவீத ஊனம், சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்னொன்று, வருமான இழப்புக் கணக்கு. தம்பியின் மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வையுங்கள். 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 25,200. 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்து முடிவு செய்த எண்) 16. தொழில் செய்யும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்று நிரூபணமானால், 25,200 × 12 × 16 × 20% = 9,67,680 ரூபாய். இதற்கு மேல்தான் மருத்துவச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் வருமானம், உதவியாளர் செலவு, சத்துணவு, போக்குவரத்து எல்லாம். பெருக்கல் எண் 2009 சரளா வர்மா தீர்ப்பிலிருந்து வருகிறது, எதிர்கால உயர்வு 2017 பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்து.

ஒரே கால், ஒரே முறிவு. 2 லட்சத்துக்கும் 9 லட்சத்துக்கும் நடுவில் இருப்பது, ஊனம் அவர் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்ற சாட்சியம் மட்டும்தான். 2010 ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தக் கால் பெரிய இழப்பு இல்லை. ஏ.சி. மெக்கானிக் ஏணி ஏற வேண்டும், வெளி யூனிட்டைத் தூக்க வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். இதை வக்கீல் டாக்டரிடம் கேள்வியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கிறது, எலும்பு சேர்ந்த விதம் என்ன என்பதெல்லாம் சாட்சியத்தில் வர வேண்டும். வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது "டாக்டரை யார் விசாரிப்பது, என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ், வேலைக்குக் கொடுத்த பில் புத்தகம், ஜிபே வரவு தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, உதிரிபாகக் கடைப் பில், வருமான வரிக் கணக்கு இருந்தால் அது. விபத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்கு எடுத்து வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு தொகையை வைக்கும், அது குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று, முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டின் நகல்) உடனே வாங்கிப் படியுங்கள். பதற்றத்தில் யாரோ சொன்னதை வைத்து "பைக்கிலிருந்து தானாக விழுந்தார்" என்று எழுதியிருந்தால், இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே வழக்கை உடைப்பார். அப்படி இருந்தால் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். நேரில் பார்த்த சாட்சி, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் இரண்டு வண்டியிலும் உள்ள சேதம், விபத்து நடந்த இடத்தின் வரைபடம், குற்றப்பத்திரிகை இவற்றைக் கொண்டு அவர் தயாராக வேண்டும். லைசென்ஸ் காலாவதி, ஹெல்மெட் போடாதது, பழைய முறிவு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். எதிர்த் தரப்பு கண்டுபிடித்து, குறுக்கு விசாரணையில் உங்கள் வக்கீல் முதன்முறையாகக் கேட்கும் நிலை வரக்கூடாது.

காவிரிக்கரை:

மிக்க நன்றி. ஏ.ஆர். காப்பிக்கு இன்றே எழுதிக் கொடுக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. தம்பிக்கு மெடிக்ளெய்ம் (மருத்துவக் காப்பீடு) இருக்கிறது, ஒரிஜினல் பில்லை அவர்கள் கேட்கிறார்கள். கார்க்காரர், "ஸ்டேஷனில் 30,000 வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம், இன்சூரன்ஸில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

எம்.சி.ஓ.பி. குமாஸ்தா:

அந்த 30,000 வேண்டாம். "இனி எந்த ஆட்சேபணையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாள் நேராக இன்சூரன்ஸ் கம்பெனியின் எதிருரையில் வந்து நிற்கும்.

மெடிக்ளெய்முக்கு ஒரிஜினலைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து, அந்தக் கம்பெனியின் சீல் வாங்குங்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தையும் வையுங்கள். வாங்கிய தொகையைத் தீர்ப்பாயத்தில் சொல்லிவிடுங்கள். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டினால் மற்ற பில்களின் மேலும் சந்தேகம் வரும். அட்வான்ஸ் கட்டிய ரசீதையும் இறுதிப் பில்லையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள், அது இரட்டைக் கணக்கு. மருந்துக் கடைப் பில்லில் தம்பி பெயரும் அதற்கான டாக்டர் சீட்டும் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவில், யார் தவறு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று ஒரு வழி இருக்கிறது. அதை ஏற்று வாங்கிவிட்டால் 166-ல் போட்ட மனு செயலற்றுப் போகும். உங்கள் வழக்கில் தவறு கார்க்காரர் மேல் தெளிவாக இருக்கும்போது அது தேவையே இல்லை.

நடைமேடை 4:

லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், எப்படியும் கூப்பிடுவார்கள். அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது, பணம் சீக்கிரம் வரும். தொகை பேசும் அதிகாரம் உங்களுடையது, வக்கீலுடையது அல்ல. மருத்துவக் குழுவின் ஊனச் சான்று வருவதற்கு முன் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எலும்பு சேரவில்லை, மறு ஆபரேஷன் என்று பின்னால் வந்தால் கேட்க வழியில்லை. ராடு எடுக்கும் செலவுக்கும் டாக்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

வைகை வாசி:

தீர்ப்புக்குப் பிறகு நடப்பது: 30 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி தொகையைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். மனு தாக்கலான நாளிலிருந்து வட்டி உண்டு. நம் தீர்ப்பாயங்களில் வழக்கமாக 7.5 சதவீதம். மேல்முறையீடு 90 நாளுக்குள், சி.எம்.ஏ. (சிவில் மிஸ்செலேனியஸ் அப்பீல்) என்று நம்பர் ஆகும். திருச்சி வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். தொகை குறைவு என்று நினைத்தால் நீங்களும் போகலாம். கட்டிய பணத்தை எடுக்கத் தனியாக மனு போட வேண்டும். தம்பி பெயரில் மட்டும் உள்ள கணக்கின் பாஸ்புக் நகலையும் பான் எண்ணையும் கொடுங்கள். பணம் நேராக அந்தக் கணக்குக்கே போக வேண்டும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் அறிவுறுத்தியது. "என் கணக்கில் வரட்டும், நான் தருகிறேன்" என்றோ, "எடுத்ததும் கொடுக்க இப்போதே ஒரு செக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்றோ யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மனு நம்பர் ஆனதும் வக்கீலிடம் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு, கடைசியாக என்ன நடந்தது என்பது அதிலேயே தெரியும். தொடர்ந்து மூன்று வாய்தா "மனுதாரர் சாட்சிக்காக" என்று தள்ளிப் போயிருந்து, தம்பிக்கு யாரும் போன் செய்யவில்லை என்றால், உடனே வக்கீல் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். சாட்சி வரவில்லை என்று மனுவையே தள்ளுபடி செய்துவிடுவார்கள், பிறகு அதை மீட்க வேறு மனு. வக்கீலை மாற்ற வேண்டிய நிலை வந்தால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்கி, ஒரிஜினல் ஆவணங்களையும் அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.