பொருள்: 'பிளாக் டைம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

பொள்ளாச்சியிலிருந்து:
வணக்கம்ங்க. திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குப் பாடக்குறிப்பு அச்சாக வேண்டும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வான்தொலைவு சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறேகால் மணி நேரம்கூட வராது. டிக்கெட்டிலோ நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்று இருக்கிறது. கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் ஒரு காரணம், அதை எழுதிவிட்டேன். இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது வெறும் பறப்பு நேரமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போன ஊரில் ஓய்ந்து நிற்கும்வரை உள்ள நேரம். இதற்கு ஒரு சொல் வேண்டும்.

சங்ககிரியிலிருந்து:
பிளாக் என்பது சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கட்டை. லாரிக்காரர்கள் 'கட்டையை எடு, கட்டையைப் போடு' என்பதுதான் இது. 'கட்டை நேரம்' போதும்ங்க.

ஈரோட்டிலிருந்து:
கட்டை என்றால் குறுகியது என்றும் பொருள்படும். எட்டு மணி நேரம் கட்டையா? நம்மிடம் 'செலவு' இருக்கிறது. 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று தொல்காப்பியம் சொல்வது போவதைத்தான். பாலைத்திணையில் தலைவன் போகாமல் நிற்பது 'செலவழுங்கல்'. பணம் போவதும் அதிலிருந்து வந்ததுதான். 'செலவுக்காலம்' என்போம்.

பொள்ளாச்சியிலிருந்து:
ஐயா, எங்கள் பிள்ளைகளுக்குச் செலவு என்றால் காசு. இல்லாவிட்டால் செலவு ரசத்துக்கு இடிக்கும் மிளகு சீரகம்.

ஈரோட்டிலிருந்து:
சொல்லித் தந்தால் புரியும்ங்க அம்மா. புரியாது என்று ஒவ்வொன்றாக விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? தொலைவையே 'நாழிகை வழி' என்று நேரத்தால் அளந்தவர்கள் நாம்.

கோவையிலிருந்து:
நாழிகை வழி நடைக்குச் சரி. வானில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பதுதானே இங்கே சிக்கலே. தேரை நினைத்துப் பாருங்கள். நிலையிலிருந்து புறப்பட்டு நிலை சேர்கிறது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் உண்டு. 'நிலைக்கு நிலை நேரம்' எப்படி?

சங்ககிரியிலிருந்து:
தேர் புறப்பட்ட நிலைக்கே திரும்பிவிடும். விமானம் வேறு ஊரில் அல்லவா நிற்கிறது? ஆனாலும் கேட்டவுடன் விளங்குகிறது. சரி, எனக்குச் சம்மதம்.

பொள்ளாச்சியிலிருந்து:
எனக்கும் சம்மதம். வேறு யாரும் மறுக்காததால் இதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். 'பயண நேரம்' என்று போட்டால் பொள்ளாச்சியிலிருந்து பீளமேடு விமான நிலையம் போவதையும் சேர்த்துவிடுவார்கள்.

ஈரோட்டிலிருந்து:
நான் ஒப்பவில்லை. மூன்று சொல்லை அடுக்குவது விளக்கம், கலைச்சொல் அல்ல. நம் கலைச்சொல் தொகுப்பில் 'செலவுக்காலம்' என்பதையும் பக்கத்தில் பதியுங்கள். அப்புறம், ஓடுபாதைக்கு விமானம் மெல்லப் போவதற்கு 'ஊர்தல்' என்று எழுதுங்கள். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்னும் புறநானூற்று வரியிலேயே அந்த வேர் இருக்கிறது.

கோவையிலிருந்து:
'ஊர்தல்' நன்றாக இருக்கிறதுங்க. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.