போட்டோ பின்னணியை அகலமாக்கணும், அவசரம்

நிலா_சேலம்
வணக்கம். அப்பா அம்மா சேர்ந்திருக்கும் படம். இரண்டு பக்கமும் சுவரைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். ஆட்களை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் நீட்டும் கன்டென்ட் அவேர் ஸ்கேல் போதும் என்றார்கள். மெனுவில் அது மங்கலாகவே நிற்கிறது, அழுத்த முடியவில்லை. இமேஜ் சைஸில் அகலத்தை மட்டும் கூட்டினால் அப்பா குண்டாகிவிடுகிறார். ஞாயிறு அறுபதாம் கல்யாணம். சீக்கிரம் சொல்லுங்கள்.

லேப்_குமார்
போட்டோஷாப்தானே? எந்த வெர்ஷன்? என்ன சைஸ் பிரேம்? படம் மொபைலில் எடுத்ததா, ஸ்கேன் செய்ததா?

பிக்சல்_ரவி
கிராபிக்ஸ் கார்டு டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். மெனு மங்கினாலே எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் வரும்.

மூத்தகண்
எடுக்கும்போதே இரண்டடி பின்னால் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. முதலில் லேயர் என்றால் என்ன என்று படித்துவிட்டு வாருங்கள். இங்கே மாதம் ஒருமுறை இதையே கேட்கிறார்கள்.

தறிநூல்
டிரைவர் காரணமில்லை ரவி. பேக்கிரவுண்ட் லேயர், அதாவது படத்தின் அடி அடுக்கு, பூட்டியிருந்தால் அந்த வசதி மங்கலாகத்தான் இருக்கும். மூலப்படம் மாறாமல் காக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக இருந்தாலும் அப்படித்தான். லேயரை டபுள் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். ஆட்களைச் செலக்ட் செய்து, அந்தத் தேர்வைச் சேனலாகச் சேமித்து, மேலே ப்ரொடெக்ட் என்ற இடத்தில் அந்தச் சேனலைத் தேர்ந்தெடுங்கள்.

நிலா_சேலம்
பூட்டுதான்! திறந்துவிட்டது, நன்றி. வெர்ஷன் பழைய சிஎஸ்6. 1991இல் எடுத்த போஸ்ட்கார்டு சைஸ் படம், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன். 12க்கு 18 அங்குலம், படுத்தவாக்கில் வேண்டும். முகம் தப்பித்தது, ஆனால் நாற்காலிக் கால் வளைந்து, தரையில் மொசைக் புள்ளிகள் எல்லாம் கோடு கோடாகிவிட்டன.

லேப்_குமார்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அம்மா. உங்கள் படம் நின்றவாக்கு. 4க்கு 6 அங்குலத்தை 600இல் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல். அச்சுக்கு 300 என்று வைத்தால் 8க்கு 12 அங்குலம். உங்களுக்கு அகலம் 18 வேண்டும். அதாவது 10 அங்குலம் புதிதாக உருவாக்க வேண்டும், இருக்கும் படத்தைவிட அதிகம்! இது ‘கொஞ்சம்’ இல்லை. ஒரே இழுப்பில் எந்தக் கருவியும் தாங்காது.

பிக்சல்_ரவி
அப்படியென்றால் புது போட்டோஷாப்பில் ஏஐ மூலம் பின்னணியை உருவாக்கிச் சேர்க்கும் ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்ட் போடுங்கள். 2023இலேயே வந்துவிட்டது. ஒரு நிமிட வேலை.

தறிநூல்
வேண்டாம் ரவி. அது வீட்டில் இல்லாத சன்னலை வைக்கும். எங்கள் பாட்டி படத்தில் இல்லாத குத்துவிளக்கை வைத்தது. பார்த்த சித்தி, "இது எந்த வீடு?" என்று கேட்டார்.

பிக்சல்_ரவி
சுவரை இழுத்து நீட்டுவதும் இல்லாததைச் சேர்ப்பதுதானே?

தறிநூல்
இருக்கும் சுவரையே நீட்டுவது வேறு. நாளை பேரப்பிள்ளைகள் அந்தச் சன்னலைத் தாத்தா வீட்டுச் சன்னல் என்று நம்புவார்கள். குடும்பப் படத்தில் அது தப்பு என்றுதான் சொல்வேன்.

மூத்தகண்
இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். சிஎஸ்6 வைத்திருப்பவருக்கு அந்த வசதியே கிடையாது.

லேப்_குமார்
நிலா, ஸ்கேலை விடுங்கள். இமேஜ் சைஸில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு ரெசல்யூஷனை 300 ஆக்குங்கள். பிறகு கேன்வாஸ் சைஸை, அதாவது படம் உட்காரும் மொத்தப் பரப்பை, 18க்கு 12 ஆக்குங்கள். இடது ஓரத்தில் ஆளோ நாற்காலியோ படாத ஒரு விரல் அகலச் சுவரை மட்டும் செலக்ட் செய்து, கண்ட்ரோல் ஜே போட்டுத் தனி லேயராக நகலெடுத்து, கண்ட்ரோல் டி கொடுத்து வெளிப்பக்கம் இழுங்கள். வலப்பக்கமும் அப்படியே. சுவரில் கிடைக்கோடாகத் தெரிந்தால் அந்த லேயருக்கு மட்டும் காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, பிறகு நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். பழைய அச்சில் பொடிப்பொடியாக ஒரு மணல் இருக்கும். அது சேராவிட்டால் நீட்டிய இடம் பெயின்ட் அடித்ததுபோலத் தனியாகத் தெரியும். தரையை மட்டும் இழுக்காதீர்கள். ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் வைக்கும் குளோன் ஸ்டாம்பால் மொசைக்கை எடுத்து எடுத்து வையுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே கல் வரிசையாக வரும், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

தறிநூல்
இருவரையும் நடுவில் வைத்தே தீர வேண்டுமா? ஒரு பக்கமாக வைத்து, நீட்டும் பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதலாமே. இரண்டு பக்கமும் ஒட்டு வைக்கும் வேலை மிச்சம்.

பிக்சல்_ரவி
இது நல்ல யோசனை.

மூத்தகண்
அச்சுக்கு முன் 100 சதவீதத்தில் வைத்து ஒட்டிய இடத்தைப் பாருங்கள். சின்னதாகப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

நிலா_சேலம்
ஒரு பக்கமாக வைத்தேன். சுவர் வந்துவிட்டது. தரைக்கு மூன்று மணி நேரம் ஆனது. லேபுக்குக் கொடுத்துவிட்டேன். குமார் அண்ணா, தறிநூல், நன்றி.

லேப்_குமார்
மேட் தாளில் போடச் சொன்னீர்களா? பளபளப்புத் தாளில் ஒட்டு தெரியும்.

லேப்_குமார்
நிலா?