எரித்தல் வேண்டாம், பதித்தல் என்போம்: பழைய கணினி ரோமுக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம். பழைய கணினிகளின் ரோமுக்கும் (ROM, நிரலை நிலையாக வைத்திருக்கும் நினைவகச் சில்லு), அதில் நிரலை எழுதுவதற்கும் (ஆங்கிலத்தில் 'burn') தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது. ஹட்டன் பக்கம் இரண்டு நாளாக மழையும் மின்வெட்டும், அதனால்தான் பதில் தாமதம்.

> ரோமை 'எரித்தல்' என்றே வைத்துக்கொள்வோமே அண்ணே, எல்லாருக்கும் விளங்கும்தானே.

பதுளைத் தம்பி, விளங்காது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு கொமடோர் 64 வீட்டுக் கணினி இருக்கிறது, 1982இல் வெளிவந்த மாதிரி. சுவிட்சைப் போட்டால் வெறும் கறுப்புத் திரை. தேடிப் பார்த்ததில் கர்னல் ரோம், அதாவது கணினியின் அடிப்படை நிரல் இருக்கும் சில்லு, செத்துப்போயிருந்தது. சரி, ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய 2764 சில்லு ஒன்றில் அதே நிரலை ஏற்றி, ஒளி புகாதபடி அதன் கண்ணாடி சன்னலுக்கு மேல் ஸ்டிக்கரும் ஒட்டி, கண்டியில் ஒரு திருத்தும் கடைக்கு பஸ்ஸில் அனுப்பினேன். பழைய ரோமுக்கு 24 கால், 2764க்கு 28 கால், இடையில் ஒரு தாங்கி வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் கடை. கூடவே ஒரு துண்டில் 'எரித்த சில்லு' என்று எழுதி வைத்தேன். இரண்டு கிழமை கழித்து நானே போன் எடுத்தால், "எரிஞ்ச சில்ல எதுக்கண்ணே அனுப்புனீங்க, ஸ்டிக்கர உரிச்சுப் பாத்துட்டு கழிவு டப்பால போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர். டப்பா கடை வாசலில், மூடி இல்லாமல், நேர் வெயிலில். இந்த வகைச் சில்லு நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு கிழமை கிடந்தாலே அழிந்துவிடும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. திரும்பி வந்ததை வாசித்துப் பார்த்தேன், 8192 பைட்டும் எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப், அதாவது எல்லாம் அழிந்துபோயிருந்தது. அவரில் ஒரு பிழையும் இல்லை. நம் ஊரில் மோட்டார் எரிந்தது, பல்பு எரிந்துபோச்சு என்றால் அந்தச் சாமான் போய்விட்டது என்றுதானே பொருள்? ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் 'எரி'யைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீராது.

ரோமுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற 'வாசிப்பு மட்டும் நினைவகம்' என்ற பெயர் பரீட்சைக்குப் போதும். ஆனால் நாம் செய்கிற வேலையே அதில் எழுதுவது. "வாசிப்பு மட்டும் நினைவகத்தில் எழுதுவது எப்படி" என்று தலைப்புப் போட்டால் முதல் வரியிலேயே வாசகர் முழிப்பார்.

தலவாக்கலை அக்கா சொன்ன 'கவ்வாத்து' எனக்கு மிகவும் பிடித்தது, நேற்றிரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடி அப்படியே நிற்க, மேலே உள்ளதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கொழுந்து வர விடுவது. அதே சில்லை புறஊதா விளக்கின் கீழ் 15, 20 நிமிடம் வைத்து அழித்துவிட்டு மறுபடி எழுதுவதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஒரு இடத்தில்தான் இடிக்கிறது அக்கா. கவ்வாத்து வெட்டிய மலை மொட்டையாக நிற்கும், அழித்த சில்லு அப்படி மொட்டையாவதில்லை, அதில் எல்லா பிட்டும் 1 ஆகிவிடுகிறது. எழுதும்போது வேண்டிய இடங்களை மட்டும் 1இலிருந்து 0க்கு இறக்குகிறோம். 0 ஆனதைத் தனியாக மீட்க முடியாது, மீண்டும் முழுதாக அழிக்கத்தான் வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறுவது போல. கீறலாம், கீறியதை மூட முடியாது.

அதனால்தான் நான் 'பதித்தல்' என்கிறேன். அதிலிருந்து ரோமுக்குப் 'பதிசில்லு'. பதித்த, பதிக்கிற, பதிக்கும் சில்லு எல்லாம் அதில் அடங்கும். வினைத்தொகை என்பதால் ஒற்றும் மிகாது. தொழிற்சாலையிலேயே வார்த்து வருவது அச்சுப் பதிசில்லு. 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த சன்னல் வைத்த வகை, ஒளியழி பதிசில்லு. மின்சாரத்தாலேயே அழிவது மின்னழி பதிசில்லு. எழுதும் கருவி பதிகருவி. 'பதி என்றால் இறைவன் அல்லவா' என்று யாழ்ப்பாணத்து ஐயா கேட்டிருந்தார். ஐயா, குடிநீர் என்றதும் யாருக்கும் சாராயம் நினைவுக்கு வருவதில்லையே.

இன்னொரு லாபமும் இருக்கிறது. 'பதிப்பு' என்ற சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. கொமடோரின் கர்னல் 901227-01, 02, 03 என்று மூன்று வடிவங்களில் வந்தது, அந்தக் கடைசி இரண்டு இலக்கம்தான் பதிப்பு எண். நாம் தொடக்கத் திரையின் நிறத்தையோ வரவேற்பு வரியையோ மாற்றிப் பதித்தால் அது நம் பதிப்பு. இதே வகையில் பெரிய சில்லான 27சி256 ஒன்றில் 32 கிலோபைட்டு இடம் இருப்பதால் நான்கு பதிப்புகளைப் பதித்து, மேலே மிஞ்சும் இரண்டு முகவரிக் கால்களுக்கு இரண்டு சுவிட்ச் வைத்தால் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். 'தனிப்பயனாக்கிய வாசிப்பு மட்டும் நினைவகப் படிமம்' என்பதை இரண்டு முறை சேர்ந்தாற்போல் சொல்லிப் பாருங்கள்.

எழுத்து வடிவங்கள் இருக்கும் சில்லை 'எழுத்துப் பதிசில்லு' என்று வைத்திருக்கிறேன். இதில்தான் இப்போது கை வைத்திருக்கிறேன். 4096 பைட்டு, ஓர் எழுத்துக்கு 8, ஆக 256 எழுத்து கொண்ட இரண்டு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் பாதி, மற்றப் பாதியின் தலைகீழ் நிறம்தான், உண்மையில் கிடைப்பது 128 இடம். 247 எழுத்தையும் முழுதாக வைக்க வழியில்லை, கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் பிரித்து வைத்தால் கொள்ளும். ப, ட இரண்டும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் அழகாக உட்கார்ந்துவிட்டன. ண மட்டும் மூன்று நாள் எடுத்தது, மூன்று சுழிக்கும் இடையில் ஒரு புள்ளி இடைவெளி விட்டால் கட்டம் முடிந்துவிடுகிறது, விடாவிட்டால் கறுப்பு உருண்டையாகிறது. கடைசியில் அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தேன்.

'பதிசில்லு' மேல் யாருக்காவது மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை கண்டிக்கு மறுபடியும் சில்லு அனுப்புகிறேன், சன்னல் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் இப்படி எழுத எண்ணம்: ஒளியழி பதிசில்லு, கர்னல், பதிப்பு 3, பதித்துச் சரிபார்த்தது, உரிக்க வேண்டாம்.