1808 இருபது காசில் பச்சைப் புள்ளி: கை வைக்கலாமா, அப்படியே விடலாமா?

நாகை_வடக்குவீதி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் தாத்தாவின் மரப்பெட்டியைப் பிரித்தபோது, கணக்கு நோட்டுகளுக்கு அடியில் துணியில் முடிந்து வைத்த ஏழு செப்புக்காசுகள் கிடைத்தன. ஆறு மழுங்கிப்போனவை. ஏழாவது மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது: கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு, 1808. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் இருபுறமும் தாங்கி நிற்கும் கம்பெனியின் கேடயச் சின்னம், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது போட்டு 'கேஷ்' என்றிருக்கிறது. நகைக்கடைத் தராசில் 9.3 கிராம் காட்டியது.

காசு முழுக்க நல்ல அடர்பழுப்பு. ஆனால் மூன்று விதமான புள்ளிகள் இருக்கின்றன. ஒரு சிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் கருப்பாக இரண்டு, மிளகில் பாதிகூட இருக்காது. விளிம்பை ஒட்டி கரும்பச்சையில் ஒரு திட்டு, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது: 1808-இன் முதல் எட்டில், கீழ் வளையத்துக்குள் வெளிர்பச்சையாகப் பொடி மாதிரி ஏதோ அடைத்திருக்கிறது.

மற்ற ஆறில் ஒன்றை எங்கள் அத்தை, சும்மா இருக்கிறதே என்று, குத்துவிளக்கு தேய்க்கிற நாளில் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அன்றைக்குத் தங்கம் மாதிரி மின்னியது. மூன்றே வாரத்தில் ரோஸ் கலந்த ஒரு செத்த நிறம், அதன் மேல் பச்சைப் பூ. அதைப் பார்த்த பிறகு இந்த நல்ல காசைத் தொடவே பயமாக இருக்கிறது, தொடாமல் விடவும் பயமாக இருக்கிறது. விற்கப் போவதில்லை. என் மகளுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

செப்புக்காசு_சேகரிப்பவன்

தம்பி, முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தக் காசு அபூர்வமானது இல்லை, அதனால் விலையை நினைத்துப் பதற வேண்டாம். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்து சோஹோ ஆலையில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தில் அச்சடித்து மதராஸுக்கு அனுப்பிய சரக்கு இது. இதே 1808 காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை வெளியே எடுத்தார்கள், இன்று சந்தையில் கிடைக்கும் பளபளப்பான 20 காசுகள் பெரும்பாலும் அந்தக் கப்பல் சரக்குதான். உங்களுடையது அப்படியில்லை, கரை சேர்ந்து நம் ஊர்ச் சந்தையில் கை மாறிய காசு. எனக்கு இதுதான் பெரிது.

என் கருத்து: கருப்புப் புள்ளியையும் வழவழப்பான கரும்பச்சையையும் தொடவே தொடாதீர்கள். கருப்பு என்பது செப்பு அந்த இடத்தில் ஆழமாக நிறம் மாறிப்போனது, பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகூடச் சில வருடங்களில் அப்படி ஒரு புள்ளியை விட்டுப்போகும். அதை எடுக்க வேண்டுமானால் உலோகத்தையே சுரண்ட வேண்டும், புள்ளி இருந்த இடத்தில் அதைவிட அசிங்கமான வெளிர் தழும்பு வரும். கரும்பச்சை, காசு தானே போர்த்திக்கொண்ட தோல்.

அந்த எட்டுக்குள் இருக்கும் பொடிதான் விஷயம். காசை இப்போது எதில் வைத்திருக்கிறீர்கள்? பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும் மென்மையான பிளாஸ்டிக் ஆல்பம் என்றால் உடனே வெளியே எடுங்கள்.

நாகை_வடக்குவீதி

ஆமாம் ஐயா, கிடைத்த மறுநாளே அப்படி ஒரு ஆல்பம் வாங்கி அதில்தான் போட்டேன். ஆனால் பொடி பெட்டியில் இருந்தபோதே இருந்தது, அப்போது எடுத்த போட்டோவில் தெரிகிறது.

ஈரப்பதம்40

அப்படியானால் பிளாஸ்டிக்கைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த ஆல்பம் வேண்டாம். அந்த மென்மையான பிளாஸ்டிக், அதாவது பிவிசி, நாளாக ஆக அமிலம் விடும், காசின் மேல் பிசுபிசுப்பாகப் பச்சை படியும்.

நான் வேதியியல் படித்தவன், உலோகப் பாதுகாப்பு வேலையில் சில வருடம் இருந்தேன். நீங்கள் சொல்வது 'வெண்கல நோய்' மாதிரி இருக்கிறது. பெயர்தான் வெண்கலம், சுத்தச் செம்பையும் அது விடாது. நடப்பது இதுதான்: உப்பிலிருக்கும் குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக மேற்பரப்புக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். காற்று வறண்டிருக்கும்வரை அது சும்மா இருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் வெளிர்பச்சைப் பொடியாக மாறும், மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் நல்ல செம்பை அரித்து மறுபடி குளோரைடை உண்டாக்கும், அது மறுபடி பொடியாகும். வெளியிலிருந்து புதிதாக உப்பே வர வேண்டாம், இந்தச் சுழற்சி தானே ஓடும். நாகப்பட்டினம் கடல்காற்று போதும் இதைத் தொடங்கி வைக்க. அத்தை தேய்த்த காசுக்கு நடந்ததும் இதுதான், புளி அதன் தோலை உரித்தது, உப்பு உள்ளே போய் உட்கார்ந்தது. அவர்களைக் குறை சொல்லாதீர்கள், செப்புக்குடத்தைத் தினம் தேய்ப்பவர்களுக்கு அது சரியான முறை. குடத்தில் எழுத்து கிடையாது, ஒரு இழை போனாலும் தெரியாது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காசை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். மூடியுள்ள சிறிய டப்பாவில் ஓரமாக ஈரப்பஞ்சு வையுங்கள், காசு பஞ்சில் படக்கூடாது, ஒரு கண்ணாடி மூடியின் மேல் தூக்கி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். புதுப்பொடி பூத்திருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. எதுவும் இல்லை என்றால் அது பழைய கறை, விட்டுவிடலாம். அப்புறம் மூங்கில் பல்குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் ஒரு கதை, கெட்டியாக நின்றால் வேறு கதை.

மதுரை_வெங்கலம்

இவ்வளவு ஏன்? காசின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் வெளிநாட்டு கிரேடிங் கம்பெனிகள் சுத்தம் செய்து மூடிய டப்பாவில் போட்டே தருகிறார்களே, அனுப்பிவிடலாமே. இல்லையென்றால் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டால் பச்சை கழன்றுவிடும் என்று கேள்விப்பட்டேன்.

செப்புக்காசு_சேகரிப்பவன்

அனுப்ப முடியாது நண்பரே. 1972-இன் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய நாணயமும் தொல்பொருள்தான், தனி ஆள் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. சட்டத்தை விடுங்கள், செலவுக் கணக்கில்கூட இந்தக் காசுக்கு அது ஒத்துவராது. எண்ணெய் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து அதுவே பச்சையாகும். எண்ணெய் கொஞ்சம் பச்சையாவதைப் பார்த்து 'அழுக்கு கழல்கிறது' என்று சந்தோஷப்படுவார்கள், கழல்வது காசு.

நாகை_வடக்குவீதி (நான்கு நாள் கழித்து)

சோதனை செய்தேன். கருப்புப் புள்ளிகளிலும் விளிம்புத் திட்டிலும் ஒரு மாற்றமும் இல்லை, போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எட்டின் கீழ் வளையத்தில் மட்டும் பொடி விளிம்பைத் தாண்டி மேலே எழும்பியிருந்தது. பல்குச்சி பட்டதும் உதிர்ந்தது. அடியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு குழி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் குழிக்குள் வெளிறிய சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஏதோ இருக்கிறது. எட்டின் இடுப்புக் கோட்டை அது ஏற்கனவே கொஞ்சம் தின்றுவிட்டது. பார்த்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

ஈரப்பதம்40

அந்த மெழுகுதான் குளோரைடு. இனி விட்டுவைப்பதுதான் ஆபத்து, ஒரு மழைக்காலம் போனால் ஆண்டே படிக்க முடியாமல் போகலாம். ஆனால் காசு முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டாம், அந்தக் குழியை மட்டும் பாருங்கள்.

பூதக்கண்ணாடியின் அடியில், மூங்கில் குச்சியாலோ ரோஜா முள்ளாலோ அந்த மெழுகை முடிந்தவரை எடுங்கள். ஊசி வேண்டாம், எஃகு செம்பைக் கீறும். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம், பத்து நிமிடம் செய்து எழுந்துவிடுங்கள். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டுத் தினமும் நீரை மாற்றுங்கள், இரண்டு வாரமாவது. குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலேயே குளோரின் இருக்கிறது. கடைசியில் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்தால் துளைக்குள் இருக்கும் நீரும் பிவிசி பிசுக்கு ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும். லேப் கெமிக்கல் கடையில் கேளுங்கள், நகச்சாயம் அழிக்கும் திரவம் அதற்குப் பதிலாகாது. சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

சலவை சோடாவும் சமையல் சோடாவும் கலந்த கரைசல் குளோரைடை இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஊறினால் அந்தப் பழுப்பு நிறம் மாறலாம். உங்கள் காசின் அழகே அந்தப் பழுப்புதான், அதனால் முதலில் வெறும் நீர். அத்தை தேய்த்த காசுக்கு வேண்டுமானால் சோடாவை முயன்று பாருங்கள், அதில் இழக்க நிறம் எதுவும் மிச்சமில்லை. அருங்காட்சியகங்களில் பென்சோட்ரையசோல் என்ற மருந்தைப் பூசுவார்கள். அது உடம்புக்கு நல்லதில்லை, வீட்டில் வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே அங்கே வேதியியலாளராக இருந்த பரமசிவன் அவர்கள் வெண்கலச் சிலைகளுக்கு மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி, இந்த நோயைத் தீர்த்தார். அதைப் பார்த்து யாராவது பேட்டரியும் உப்புத்தண்ணீரும் வைத்துச் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள், தேய்ந்த காசில் பழுப்புத் தோலோடு எழுத்தின் மிச்சமும் போய்விடும்.

நாகை_வடக்குவீதி

சரி, அப்படியே செய்கிறேன். முடித்த பிறகு எதில் வைப்பது?

செப்புக்காசு_சேகரிப்பவன்

மைலார் உறை (பிவிசி இல்லாத பாலியெஸ்டர் பிளாஸ்டிக்), அதைக் காற்றுப்புகாத டப்பாவில், கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும், சின்ன மீட்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வெளியே 80-ஐ எளிதாகத் தாண்டும், அப்போது ஜெல்லை மாதம் ஒரு தடவை வறுத்துப் போடுங்கள். ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே வர வேண்டாம், அதில் கந்தகம் இருக்கிறது. காசை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், மகளுக்கும் அப்படியே பழக்குங்கள். அத்தையின் காசைத் தனி டப்பாவில் வையுங்கள்.

நாகை_வடக்குவீதி (மூன்று வாரம் கழித்து)

நீர் மாற்றி மாற்றி பதினெட்டு நாள். மறுபடி ஈரப்பஞ்சு சோதனை வைத்தேன், இரண்டு நாளில் ஒன்றும் பூக்கவில்லை. எட்டின் கீழ் வளையத்தில் குழி அப்படியே இருக்கிறது, உள்ளே செம்பு நிறம் தெரிகிறது. பழுப்பு கொஞ்சமும் மாறவில்லை, சிங்கத்துக்குப் பின்னால் அந்தக் கருப்புப் புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இன்று என்ன செய்தேன் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் பென்சிலால் எழுதி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். கார்த்திகை முடிந்ததும் திறந்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.