புரோநோட்டைக் கிழிப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

செல்லூர்த் தறி
எங்கள் சபைப் பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர், கடை வைக்க என்னிடம் 3 லட்சம் வாங்கினார். இன்னும் இரண்டு தறி போட நான் சேர்த்து வைத்திருந்த பணம் அது. புரோநோட்டு எழுதித் தந்தார். கடை ஓடவில்லை, ஷட்டர் இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, பாட்டுக்குழுவுக்கும் வருவதில்லை. நோட்டு எழுதி மூன்று வருஷம் முடிய இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி.

போன ஞாயிறு ஆயர் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பிரசங்கம் செய்தார். ராஜா பெரிய கடனை மன்னித்து அனுப்புகிறார். அந்த ஊழியனோ வெளியே போய்ச் சின்னக் கடன்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அப்புறம் பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தபோது எனக்கு வாய் எழவில்லை. நான் என்ன செய்ய?

பசுமலை
தம்பி, நோட்டைக் கிழித்துப் போடுங்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் அந்த ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம் வேண்டும். ஆண்டவர் நமக்குத் தள்ளுபடி செய்தது அந்தக் கடனை. அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டவன் 3 லட்சத்துக்காகக் கோர்ட் வாசலில் நிற்கலாமா? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 6ஆம் அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார். சகோதரன் மேல் சகோதரன் வழக்குக்குப் போவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்கிறார்.

நரிமேடு
கணக்கு சரி அண்ணே. அதே கணக்கில் அடுத்த வரியையும் போடுங்கள். அந்தச் சின்னக் கடன்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு நாள் கூலி. இன்றைக்குச் சித்தாள் கூலி 700 என்று வைத்தால் 70,000 ரூபாய். கூலிக்காரனுக்கு அது சின்னத் தொகையா? "சின்னக் கடன்" என்று பிரசங்கத்தில் சொல்கிறோமே தவிர, இயேசு அதை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

இன்னொன்று. அந்த உவமையில் இரண்டு கடன்காரர்களும் காலில் விழுந்து பொறுமையாயிரும் என்று கெஞ்சுகிறார்கள். இவர் போனையே எடுக்கவில்லை. லூக்கா 17:3 என்ன சொல்கிறது? சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி. கடிந்துகொள்வதும் கட்டளைதான்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருஷம் இருந்தவன். சபையில் ஏமாந்தவர்களிடம்தான் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறோம். ஏமாற்றியவரிடம் மனந்திரும்புதலைப் பற்றிப் பேச யாரும் போவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வேதனை.

பசுமலை
மனந்திரும்பட்டும் என்று ஆண்டவர் காத்திருந்தாரா? சிலுவையில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்றபோது கீழே யார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? அவர் உடையைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் பாவிகளாக இருக்கும்போதே அவர் நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5. தகுதி பார்த்துக் கொடுத்தால் அது கிருபை இல்லை, சம்பளம்.

கீழவாசல் அக்கா
நான் கத்தோலிக்கப் பிள்ளை. நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்போம். ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிறபோது, மன்னிப்பு இலவசம்தான். ஆனால் திருடியவன் திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எங்கள் திருச்சபை கற்பிக்கிறது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, பணமும் எனக்கே என்று எழுந்து போக முடியாது.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் வண்டிக்குள்ளேயே வைத்து எரித்தார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்புறமும் அங்கேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். வழக்கோ நடந்துகொண்டுதான் இருந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனை வந்ததால் அந்த அம்மாவின் மன்னிப்பு பொய்யாகிவிட்டதா? அவர் மனதில் வன்மம் இல்லை, அவ்வளவுதான். நீதிமன்றத்தின் வேலை வேறு.

பசுமலை
அக்கா, அது கொலை, அரசாங்கம் நடத்திய வழக்கு. இங்கே வழக்குப் போடப்போவது தம்பியே. இரண்டும் ஒன்றாகாது.

கீழவாசல் அக்கா
அதை ஒப்புக்கொள்கிறேன்.

நரிமேடு
லூக்கா 19இல் வருகிற வரிவசூல்காரன் சகேயுவை விட்டுவிட்டோமே. யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இரட்சிப்பு வந்த வீட்டில் பணப்பெட்டியும் திறந்தது.

பசுமலை
அதே லூக்கா 19தான் எனக்கும் பதில். சகேயு பணத்தை எண்ணி வைத்த பிறகா இயேசு அவன் வீட்டுக்குப் போனார்? மரத்தில் இருந்தவனை இறங்கிவா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் கூப்பிட்டார். ஊரே முணுமுணுத்தது. அதன் பிறகுதான் சகேயு வாய் திறந்தான்.

செல்லூர்த் தறி
அண்ணே, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நூறு தடவையாவது போன் செய்திருப்பேன். ஒரு தடவைகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. கடை மூடியபோது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் இல்லை. பணம் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டேன்.

நரிமேடு
போங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் நோட்டைக் கிழிக்காதீர்கள். மன்னிக்கிறேன் என்று ஒரு வேகத்தில் கிழித்துவிட்டு, பத்து வருஷம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் நிஜமாகவே விடுகிறபோது கிழிக்கலாம். அதுவரை ஒரு வழி இருக்கிறது. கெடுவுக்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, 500 ரூபாயாவது தந்து நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் கிடைக்கும். வழக்கும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். அவருக்கு மூச்சுவிட நேரம், உங்களுக்கும் நேரம். பொறுமையாயிரும் என்று உவமையில் அவன் கேட்டதும் நேரத்தைத்தானே?

பசுமலை
வரவு எழுதக் கேட்டால் அவர் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார். முதல் தடவை நோட்டு இல்லாமல் போகட்டும்.

நரிமேடு
முதல் தடவை சரி. நாற்பது நாள் நிற்காது அண்ணே.

செல்லூர்த் தறி
நேற்று சாயங்காலம் வில்லாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன், நோட்டு இல்லாமல். அவர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறாராம், சனிக்கிழமை ராத்திரிதான் வருவாராம். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பணம் கேட்க வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு ஆள் குறைகிறது, அண்ணனைக் கூப்பிட வந்தேன் என்றேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டு டீ போட்டார்கள். சின்னவன் பள்ளிக்கூடம் மாறிவிட்டானாம். நான் எழுந்தபோதுதான், அவர் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கோவிலுக்கே வருவதில்லை என்றார்கள்.

என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ராத்திரி ஜெபத்தில் அந்த வரியைச் சொன்னேன்.

கீழவாசல் அக்கா
சனிக்கிழமை திரும்பப் போவீர்களா தம்பி?

செல்லூர்த் தறி
ராத்திரி வேண்டாம், களைத்து வருவார். ஞாயிறு காலையில் ஆராதனைக்கு முன்னால் போய்க் கையோடு கூட்டி வரலாம் என்று இருக்கிறேன்.

பசுமலை
நானும் கூட வரட்டுமா? அவர் வீட்டுத் தெரு முனையில் நின்றுகொள்கிறேன், உள்ளே வரமாட்டேன்.

நரிமேடு
அடுத்த வாரம் நோட்டின் தேதியை ஒரு தடவை சரிபார்த்து எனக்குச் சொல்லுங்கள். வரவு எழுதுகிற வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம்.