உயரமா உக்காந்தா எல்லாம் தெரியுமா?

*குடும்பக் குழு*

கதிர்: மாமா, பெரிய எஸ்யூவில உயரத்துல உக்காந்தா ரோடு நல்லா தெரியும்ங்கிறாங்களே, நிஜமா?

ரவி மாமா: தூரம் தெரியும்டா. மூக்குக்குக் கீழ தெரியாது. கண் தரையிலிருந்து 1.6 மீட்டர்னு வை. பானெட் முனை 1.15 மீட்டர் உயரம், கண்ணுக்கு 2 மீட்டர் முன்னாடி. ரெண்டையும் ஒட்டி ஒரு கோடு இழு, அது தரையைத் தொடுறது பம்பருக்கு 5 மீட்டர் தள்ளி.

தேவி அக்கா: அதே கணக்குல 90 செ.மீ. குழந்தை பம்பருக்கு ஒரு மீட்டருக்குள்ள நின்னா உச்சந்தலைகூட தெரியாது 😟

மீனா அத்தை: சீட்டை ஏத்திக்கிட்டா?

ரவி மாமா: 5 செ.மீ. ஏத்தினா 5 மீட்டர் 4.6 ஆகும், அவ்வளவுதான் மீனா. பானெட் உயரந்தான் வில்லன்.

கதிர்: கேமரா இருக்கே?

தேவி அக்கா: பல வண்டில பின்னாடி மட்டுந்தான்டா. முன்னாடி இருந்தாலும் லென்ஸ்ல சேறு பட்டா போச்சு. வாங்குறதுக்கு முன்னாடி நீ டிரைவர் சீட்ல உக்காந்துக்கிட்டு, யாரையாவது ஒரு ஸ்டூலை பம்பர் ஒட்டி வச்சு, மெதுவா தள்ளிட்டே போகச் சொல்லு. மேல்விளிம்பு கண்ணுல படுற இடத்துல டேப் பிடி. நடுவுல மட்டும் இல்ல, ரெண்டு மூலையிலயும். ஏ பில்லர் (முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் இருக்குற தூண்) தடிமனா இருந்தா திரும்பும்போது ஒரு ஆளையே முழுசா மறைக்கும்.

ரவி மாமா: இடிச்சா வர்ற அடியும் வேற. தாழ்ந்த பானெட் காலைத் தட்டி ஆளை மேல சாய்க்கும். உயரமானது இடுப்பு, நெஞ்சுல மோதிக் கீழ தள்ளும், அப்புறம் சக்கரம். 40 அங்குலத்துக்கு மேல பானெட் இருந்தா, 30 அங்குலமோ அதுக்குக் கம்மியோ சரிவா இருக்குறதைவிட பாதசாரி சாகுற வாய்ப்பு சுமார் 45% அதிகம்னு அமெரிக்காவோட ஐஐஎச்எஸ்ங்கிற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023ல சொல்லுச்சு.

மீனா அத்தை: ரோடு குழியாகுறதும் இதனாலதானா?

ரவி மாமா: அதுக்கு எஸ்யூவியத் திட்டாதே, அது லாரிக் கணக்கு. ஆக்சில் (சக்கரங்களை இணைக்குற அச்சு) மேல விழுற எடை இரட்டிச்சா சேதம் சுமார் 16 மடங்கு, நாலாம் அடுக்குல ஏறும். 1 டன் ஆக்சிலும் 10 டன் ஆக்சிலும் பாரு: பத்தாயிரம் மடங்கு.

கதிர்: 😳 பைக்ல லாரி பக்கத்துல போகும்போது?

தேவி அக்கா: திருப்பத்துல உள்பக்கம் போகவே போகாதே. முன் சக்கரம் போன வழில பின் சக்கரம் வராது. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி, 5.5 மீட்டர்னு வை, 10 மீட்டர் ஆரத்துல திரும்பினா பின் சக்கரம் 1.6 மீட்டருக்கு மேல உள்ள வெட்டும். கார்னா 30 செ.மீ. சொச்சம். அதனாலதான் லாரிக்காரர் முதல்ல எதிர்ப்பக்கம் ஒதுங்கி வாங்குவார். வழி விட்டார்னு நினைச்சுப் பூந்தவன் சக்கரத்துக்கடியில.

ரவி மாமா: அவர் கண்ணாடில அவர் முகம் உனக்குத் தெரியலன்னா, நீ அவருக்குத் தெரியல. பின்னாடியே நில்லு.

மீனா அத்தை: கதிரு, ஷோரூம் போகும்போது சமையக்கட்டு ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிடாதே 😄

கதிர்: டேப் மட்டும் எடுத்துக்கறேன் அத்தை