'சம்', 'லிஸ்ட்' மாதிரியான பெயர்களையும் பைத்தான் பூட்ட வேண்டாமா?

காட்பாடி டீச்சர்:
நேற்று ஒரு மாணவி பைத்தான் மொழியில் எழுதிய நிரல் என்னை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டது. மதிப்பெண் கூட்ட 'சம் = 0' என்று மாறி வைத்திருக்கிறாள். பத்து வரி தள்ளி, அதே 'சம்'மை, பைத்தானோடு வரும் கூட்டல் ஃபங்ஷனாக நினைத்துக் கூப்பிடுகிறாள். முழு எண்ணை எப்படிக் கூப்பிடுவது? பிழைதான் வந்தது. பைத்தான் 3 ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு) இரண்டையும் கீவேர்டாக்கி, அதாவது மாறிக்குப் பெயராக வைக்க முடியாத சொல்லாக்கி, பூட்டியது. சம், லிஸ்ட், லென் மாதிரி மொழியோடு வரும் பெயர்கள் எல்லாவற்றையும் அப்படியே பூட்டியிருக்க வேண்டும்.

சத்துவாச்சாரி:
ஒத்துக்கொள்ள முடியவில்லை டீச்சர். பைத்தான் 2-ல் 'ட்ரூ = 0' என்று எழுதினால் அந்த ஃபைலுக்குள் அந்தப் பெயர் மட்டும்தான் மாறும். 1 == 1 என்று கேட்டால் பழைய ட்ரூதான் பதிலாக வரும். வீட்டுப் பசுவுக்குப் பாலாறு என்று பேர் வைத்தால் ஆறு எங்கேயும் போய்விடாது.

காட்பாடி டீச்சர்:
ஆறு போகாது, சரி. அந்த வீட்டில் "பாலாற்றுக்குப் போய்ட்டு வா" என்றால் பிள்ளை மாட்டுக் கொட்டகைக்குத்தானே போகும்? அப்புறம், இந்தப் பெயர்கள் எல்லாம் இருக்கும் 'பில்டின்ஸ்' மாட்யூலிலேயே போய் லென்னை மாற்றினால் எல்லா ஃபைலிலும் மாறிவிடும். இன்றைய பைத்தானிலும் அதற்குத் தடையில்லை.

குடியாத்தம் தம்பி:
ட்ரூவையே உடனே பூட்டவில்லை அக்கா. 2002-ல் 2.2.1 பதிப்பில்தான் அது வந்தது. அதற்கு முன்பே பலர் தங்கள் நிரலில் 'ட்ரூ = 1' என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்போதே பூட்டியிருந்தால் அதெல்லாம் உடைந்திருக்கும். 2008-ல் 3.0 வரும்வரை பொறுத்தார்கள். பூட்டியதில் ஒரு லாபமும் உண்டு. பைத்தான் 2-ல், முடிவில்லாமல் சுற்ற 'வைல் ட்ரூ' என்று எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பெயரைத் தேட வேண்டும். அதனால்தான் பழைய ஆட்கள் 'வைல் 1' என்று எழுதினார்கள்.

சத்துவாச்சாரி:
தம்பி சொன்னதுதான் என் வாதமும். 'சம்' ஃபங்ஷனே 2003-ல் 2.3 பதிப்பில்தான் வந்தது. அதைக் கீவேர்டாகக் கொண்டுவந்திருந்தால், சம் என்று மாறி வைத்த நிரல் எல்லாம் அன்றைக்கே நின்றிருக்கும். 2018-ல் 3.7 பதிப்பு 'அசிங்க்'கைக் கீவேர்டாக்கியபோது, அந்தப் பெயரை வைத்திருந்த நூலகங்கள் அப்படித்தான் உடைந்தன.

காட்பாடி டீச்சர்:
அந்த இழப்பு பெரியது, மறுக்கவில்லை. பூட்ட வேண்டாம், எச்சரிக்கையாவது கொடுக்கலாமே? ரூபி மொழியில் கான்ஸ்டன்டை (மாறக்கூடாத மதிப்புக்கு வைத்த பெயரை) இரண்டாம் முறை மாற்றினால் மொழியே சொல்லிவிடுகிறது.

சத்துவாச்சாரி:
நிரலைச் சோதிக்கும் பைலின்ட் கருவியைப் போட்டால் பைத்தானிலும் சொல்லும்.

காட்பாடி டீச்சர்:
எங்கள் பிள்ளைகள் லேப் தேர்வு எழுதும் கணினியில் பைலின்ட் இல்லை சார். பைத்தான் மட்டும்தான் இருக்கிறது.